பெயர்ச்சொல் இல்லாத நாற்பது வாக்கியங்கள்

1952 ஜூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மலாக்காவிலிருந்து வந்த பஸ் என்னைச் செங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட வாசலில் இறக்கிவிட்டது. அரசு அவசரகாலம் அறிவித்தபின் அங்கே முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ கடிதமோ போய்விடக் கூடாதென்று, வருவோர் போவோர் எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்ப்பார்கள்.

சிங்கப்பூரில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கு வந்திருந்தேன். என் பையில் ஒரு நோட்டு இருந்தது. இரவல் வாங்கிய ஸ்பானிஷ் இலக்கண நூலை வைத்து நான்கு மாதம் நானாக எழுதிய பயிற்சிகள். நூலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மிஞ்சியது நோட்டுதான். அடுத்த பருவத்தில் ஸ்பானிஷ் கவிதைகளை மூலத்திலேயே படித்துக் கட்டுரை எழுதுவதாகப் பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன்.

கடைசிப் பாடம் ‘அவன்’, ‘அது’ போன்ற பிரதிப்பெயர்கள். நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றின் கீழும் தமிழ். தமிழைப் போலவே அந்த மொழியிலும் வினையின் ஈறே ‘நான்’, ‘நாம்’ என்பதைச் சொல்லிவிடுகிறது. மரியாதைக்குரியவரிடம் நேருக்கு நேர் பேசும்போதுகூட வினை படர்க்கையில் வருகிறது. அதை ஓர் அழகிய பணிவு என்று ஓரத்தில் குறித்துவைத்திருந்தேன்.

காவல் சார்ஜன் தமிழர்தான். நோட்டைப் புரட்டியவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னை அழைத்துப்போக வந்து நின்ற அப்பாவிடம் கேட்டார். அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி.

“கிராணி ஐயா, இது என்ன பாஷ? இங்கிலீஷும் இல்ல, மலாயும் இல்ல. கீழ எழுதியிருக்கறதப் பாருங்க. ‘நாங்கள் அதை அவர்களுக்குக் கொடுக்கிறோம்.’ ‘அதை அவனிடம் சொல்லாதே.’ யாருக்கு? எத? ஒரு ஆளு பேரு, ஒரு சாமான் பேரு இருக்கா? காட்டுல உள்ளவனுக்குத்தான் இப்படி எழுதுவாங்க.”

அப்பா சிரிக்க முயன்றார். “அப்படியெல்லாம் இல்லலா, சார்ஜன். பொண்ணு கன்னிமடத்து ஸ்கூல்ல படிச்சிச்சில்ல? அங்க சொல்லிக்குடுத்த ஜெபம்.”

தினமும் திருநீறு பூசும் மனிதர் சொன்னார் இதை.

“ஜெபமா? அப்ப சொல்லச் சொல்லுங்க. நானும் கொஞ்சம் புண்ணியம் சேத்துக்கறேன்.”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, பால்மரம் வெட்டும் பெண்கள் சிரித்தார்கள். “சொல்லிரு தங்கச்சி, வெயிலு கொளுத்துது. எங்களயும் விடட்டும்” என்றாள் ஒருத்தி.

“கையக் கும்புட்டு ரெண்டு வரி சொல்லும்மா” என்றார் அப்பா.

சொல்லியிருக்கலாம். சார்ஜன் படித்த அதே முதல் வாக்கியத்தை ‘ஸே லோ தாமோஸ்’ என்று ஸ்பானிஷில் கண்மூடி முணுமுணுத்திருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை.

“இது ஜெபம் இல்லீங்க. ஸ்பானிஷ் இலக்கணம். எழுதினது நான். என்கிட்ட கேளுங்க.”

சார்ஜன் அப்பாவைப் பார்த்தே சொன்னார்: “அது பேசுது, கிராணி ஐயா!”

நோட்டு மேசை இழுப்பறைக்குள் போனது. டவுனுக்கு அனுப்ப வேண்டுமாம், வந்தால் வருமாம்.

வீட்டில் அப்பா சட்டையைக் கழற்றாமலே கத்தினார். “ஒரு நிமிஷம் கையக் கூப்பியிருந்தா நோட்டும் கெடச்சிருக்கும், என் வேலைக்கும் பயமில்ல. உன் ரோஷம் யாருக்கு வேணும்?”

அவருடைய பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதைவிட அற்பமான சந்தேகத்துக்கெல்லாம் தொழிலாளர் லயத்திலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அது என்ன நோட்டு என்று அவருக்குத் தெரியும். மாதந்தோறும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும், தோட்டத்துப் பெண் தன் விருப்பத்துக்கு ஓர் அந்நிய மொழி கற்கிறாள் என்ற உண்மையைவிட அந்தப் பொய்தான் நம்பத்தக்கது என்று அவருக்குத் தோன்றியது. சார்ஜனை என்னால் வெறுக்க முடிந்தது, அது எளிது. அப்பா விஷயத்தில் அந்த வசதிகூட எனக்கு இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தனியாக வாசலுக்குப் போய், எடுத்துக்கொண்ட நோட்டுக்கு ரசீது கேட்டேன். “அப்பாவ வரச் சொல்லு” என்றார் சார்ஜன். “நோட்டு அவருடையது இல்லை” என்றேன். நகராமல் நின்றேன். கடைசியில் ஒரு தாளில் ‘கிராணி மகளிடமிருந்து நோட்டு ஒன்று’ என்று எழுதி நீட்டினார். வாங்கவில்லை. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்வரை, எழுத்துக்கு எழுத்து நின்று சொன்னேன்.