பேட்டரி என் கையில்தான் இருந்தது

யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. எனக்கே நடந்தது. நான் சின்ன இன்ஜின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் எதையும் ஒப்புக்கொள்வேன். அன்று மாலை அந்த ஷெட்டில் மூன்றையும் செய்தேன். அதனால்தான் மனதைச் சமாதானப்படுத்த வழி தெரியாமல் தவிக்கிறேன்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். அதனால் கடைத்தெருவில் எனக்கு ‘பிளக்கு’ என்றே பெயர். என் மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மழைக்காலம். ஒரு நர்ஸ் அக்கா போன் செய்தார். அப்பா அம்மா இறந்த பிறகு அவர்கள் வீட்டில் தனியாக இருக்கிறாராம். வீட்டை விற்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது, வாங்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பி விடுகிறார்கள். புல் வெட்டுகிற சின்ன டிராக்டர் கிளம்பவே மாட்டேன் என்கிறது. எத்தனை பேட்டரி மாற்றினாலும் செத்துப் போகிறது. முன்னால் வந்த மெக்கானிக் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவர், இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தது வீடு. சுற்றிலும் வேறு வீடு கிடையாது. ஷெட் வீட்டுக்குப் பின்னால். அக்கா டிராக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

டிராக்டர் மேல் தூசி படிந்திருந்தது. சீட்டில் மட்டும் இல்லை... துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. பின்னால் குப்பை அள்ளுகிற சின்ன டிரெய்லர் மாட்டியிருந்தது. அதற்குள் ஒரு கம்பளியும் தலையணையும் கிடந்தன. யாராவது இங்கே படுக்கிறார்களா என்று கேட்டேன். அக்கா வாசலிலிருந்து ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

மீட்டரை வைத்தேன். பேட்டரியில் ஒன்றுமே இல்லை. ஒயர்களைப் பார்க்கக் குனிந்தபோது இன்ஜினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாரில் கை பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

சுட்டது.

“கடைசியா எப்பக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்க?”

“ஒரு வாரம் ஆச்சு. சாவி என் பையிலயேதான் இருந்துது.”

ஒயர் எங்காவது உரசிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் உரசவில்லை. நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வேனிலிருந்து என் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினேன். பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். ‘டுர்ர்ர்... டுர்ர்ர்...’ என்று சுற்றியது. பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினேன். துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. டியூபைத் தடவிக்கொண்டே போனேன். டேங்குக்கு அடியில் இருக்கிற சின்ன வால்வு மூடியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை பேட்டரி? வால்வைத் திறந்து, பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. பிரேக்கைப் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, வாசலுக்கு வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என் தோளுக்கு மேலே சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா எப்பவும் வால்வைத் திறந்துதான் வச்சிருப்பாரு, தம்பி” என்றார்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன். வால்வு மூடியிருந்தது.

நான் வாசலில் இருந்தேன். அக்காவும் வாசலில்தான் இருந்தார். ஷெட்டுக்கு வேறு வழி இல்லை.

அதிர்வில் திரும்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வால்வு அப்படித் திரும்பாது. அது எனக்கும் தெரியும்.

மணி ஆறே கால். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மழை தூற ஆரம்பித்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அக்கா தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பேட்டரியைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தேன்.

பின்னால் சத்தம் கேட்டது.

‘டுர்ர்ர்... டுர்ர்ர்... டுர்ர்ர்...’

நின்றேன்.

பேட்டரி என் கையில் இருந்தது. சாவி என் பையில் இருந்தது.

‘டுர்ர்ர்... டுர்ர்ர்...’

திரும்பிப் பார்த்தேன். சீட்டின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அதே மாதிரி. சீட்டில் யாரும் இல்லை.

சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. பெண் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, அழுகிற மாதிரி...

“கிளம்பு... கிளம்பு... அவர் போயிடுவாரு... கிளம்பு...”

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தக் குரலில் பேய் மாதிரி ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பாமல் தவிக்கிற ஒரு அம்மாவின் குரல். அப்படி எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியைக் கீழே வைத்தேன். உள்ளே போனேன்.

“பெட்ரோல் மூடியிருக்கும்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

குனிந்தேன். டேங்குக்கு அடியில் கையை விட்டேன். வால்வைத் திறந்தேன்.

என் கைமேல் ஒரு கை விழுந்தது.

எலும்பும் தோலுமான கை. ஜில்லென்று இருந்தது.

அழுத்தியது.

என் விரல்களோடு சேர்த்து... மெதுவாக...

வால்வை மூடியது.

எப்படி வேனில் ஏறினேன், எப்படி வீடு வந்தேன், எதுவும் நினைவில்லை. மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் அந்த அக்கா என் கடைக்கே வந்தார். நான் விட்டுவிட்டு ஓடிய கருவிப் பெட்டியையும் பேட்டரியையும் மேசைமேல் வைத்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பிறகு அவர் சொன்னார்.

போன வருஷம் புயலடித்த ராத்திரி அவர் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பல மாதமாகப் படுக்கையில் இருந்தவர். இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம், என்னை இங்கேயே விட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அன்று போன் வேலை செய்யவில்லை. கார் கிடையாது. அம்மா டிரெய்லரில் கம்பளி விரித்து, தலையணை போட்டு, அவரை அதில் படுக்கவைத்து மெயின் ரோடுவரை இழுத்துப் போய்விடலாம் என்று டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறார். விடிகிறவரை சாவியைத் திருப்பியிருக்கிறார். காலையில் நைட் டியூட்டி முடிந்து நர்ஸ் அக்கா வந்தபோது அப்பா கட்டிலில் இறந்து கிடந்தார். நனைந்து விறைத்துப்போன அம்மா சீட்டில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். கை சாவியிலேயே இருந்தது.

கம்பளியை எத்தனை தடவை எடுத்து உள்ளே வைத்தாலும் மறுநாள் டிரெய்லரில்தான் கிடக்கிறதாம். வீட்டை விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டதாகவும் சொன்னார். அம்மா அங்கே அப்படி உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பது என்றார்.

கிளம்பும்போது கடை வாசலில் நின்றார்.

“உங்க கைமேல பட்டது எந்தக் கை தம்பி?”

யோசித்தேன். கட்டை விரல் எந்தப் பக்கம் அழுத்தியது என்று என் கையை வைத்தே பார்த்தேன்.

“இடது கை” என்றேன்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

“நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்பாவை நான்தான் குளிப்பாட்டினேன். அவருக்கு வேலை செஞ்சது இடது கை மட்டுந்தான்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முழங்கையெல்லாம் சிராய்ச்சு, சேறு அப்பியிருந்துது. உள்ளங்கையில பெட்ரோல் வாடை. எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவியும் போகல.”