பெயர் எழுதாத கட்டம்

எங்கள் நைனா செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதும், நேரமாகியும் டீக்கடையை விட்டு நகராத டிரைவர்களை விசில் ஊதிக் கிளப்புவதும்தான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த விசில் அவர் வாயிலேயே இருப்பது போல எனக்குத் தோன்றும். சாப்பாடு பத்து நிமிஷம் தாமதமானால் "இன்னா, வண்டி லேட்டா?" என்பார். "டயர் பஞ்சர்" என்பாள் அம்மா. இருவரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்குள் அது பழகிப்போன பேச்சு.

ஆகவே, அம்மாவின் பிரசவத்துக்கு அவர் டைம் டேபிள் போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தெருவுக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மூன்றாவது பிள்ளை. அம்மாவைப் பெற்றவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனாவுடன் பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். சிங்கவரத்தில் இருந்த சித்தி ஒருத்திதான் கைக்கு உதவி, அவளுக்கும் அது வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம்.

முந்தைய பிரசவத்தில், என் தங்கை பிறந்த ஒன்பதாம் நாள், அம்மா விடியற்காலையில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குத் துவைக்கப் போனாள். பக்கெட் உருண்ட சத்தத்தில்தான் நாங்கள் விழித்தோம். ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். அதற்குப் பிறகும் அரை வருஷத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா செத்துவிடுவாள் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது நர்சம்மா நைனாவை உட்கார வைத்துச் சொன்னார். "நாப்பது நாள் இந்தம்மா ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. போன தடவை மாதிரி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, சொல்லிட்டேன்." நைனா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையிலேயே 'நாற்பது' என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தார். ஆறு மணிக்கு நொச்சித் தழை போட்ட வெந்நீர், சித்தி. ஆறு நாற்பதுக்கு வயிற்றில் துணி கட்டுதல், சித்தி. எட்டு மணிக்கு லேகியம், நைனா. ஒன்பது நாற்பதுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும், எதிர்வீட்டு அக்கா. நாலரை மணிக்குத் தங்கையைப் பார்த்துக்கொள்வது, நான். என் பெயரை அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார். டூட்டி வந்துவிட்டதே என்ற பெருமையில் இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பட்டியலில் முதல் வரிசை மட்டும் காலியாக இருந்தது. விடியற்காலை ஐந்து மணி என்று போட்டிருந்தார். என்ன வேலை என்றும் எழுதவில்லை, யார் என்றும் எழுதவில்லை. "இது இன்னா நைனா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "அத நா பாத்துக்கறேன்" என்றாள்.

"நீ பாத்துக்கினது போதும்" என்றார் நைனா. பேனாவை அந்தக் கட்டத்தின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மூடிவிட்டார். முதல் வண்டி கிளம்புவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு சும்மா கிடக்குமே, அந்த நேரம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நைனா இதோடு நிறுத்தியிருக்கலாம். கார்பன் வைத்து நகல் எடுத்து, ஒன்றைச் சித்திக்குக் கொடுத்தனுப்பினார், ஒன்றை எதிர்வீட்டு அக்காவுக்கு. அந்த அக்காவிடம் வாய்வார்த்தையாக ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் அவள் தாளும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏம்பா டைம் கீப்பரே, நா இன்னா உன் வண்டியா? ஒன்பது நாப்பதுக்குக் கொழம்பு. சரி. சாயங்காலம் ஸ்பேர்னு போட்டுக்கிற. ஸ்பேர்னா இன்னாது?"

"யாராவது வரலன்னா, அந்த எடத்துக்கு நீங்க…"

"அடுத்தவ வராம போனாத்தான் நா வரணுமா? நா வர்றப்ப வருவேன். வாட்ச்ச நீயே கட்டிக்கினு ஒக்காரு."

அன்று நைனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தம்பி பிறந்து மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தபோது, குழம்புச் சட்டியோடு முதலில் வாசலில் நின்றவள் அந்த அக்காதான். மணி எட்டரைகூட ஆகவில்லை. வண்டி முன்னதாக வந்தாலும் தப்பு என்று பஸ் ஸ்டாண்டில் சொல்கிற நைனா, அன்றைக்குத் தானே சட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பக்கத்து வீட்டுப் பாயம்மா என்னைக் கூப்பிட்டார். பாய் கடைவீதியில் குடை, டார்ச்சு ரிப்பேர் செய்கிறவர். அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர் பாயம்மா. அவர் கோபமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"உங்க நைனா வூட்டுக்கு வூடு பேப்பர் குடுத்துச்சாமே. எங்க வூட்டுக்கு ஏன் குடுக்கல?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர்களிடம் போய் நம் வீட்டுப் பேறுகால வேலையைக் கேட்பதா என்று நைனா கூச்சப்பட்டிருக்கிறார். கேட்காமல் விட்டது மரியாதை என்று அவர் நினைத்தார். பாயம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சுவருக்குச் சுவர் ஒட்டி எட்டு வருஷம் இருந்துவிட்டு, ஊரெல்லாம் பெயர் போட்ட தாளில் தன் பெயர் இல்லையென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"வா, எனக்கு அத படிச்சிக் காட்டு" என்று எங்கள் வீட்டுக்குள் வந்தார். நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் பிள்ளையும் தூங்கினார்கள். நான் ஸ்கேலால் தொட்டுத் தொட்டு, டீச்சர் மாதிரி படித்தேன். பாயம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"மேல ஒண்ணு வுட்டுட்டியே, அது இன்னாது?"

"அது சும்மா. அஞ்சு மணி. வேலையும் இல்ல, பேரும் இல்ல."

பாயம்மா அந்தக் கட்டத்தையே பார்த்தார். தூங்குகிற அம்மாவைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், மூலையில் தட்டு போட்டு மூடி வைத்திருந்த பக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதுல என் பேர எழுது."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. 'பாயம்மா' என்று பென்சிலால் எழுதினேன். இருப்பதிலேயே சுலபமான டூட்டியை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வேலை முடிந்து வந்த நைனா சட்டையைக் கழற்றப் போனவர், அப்படியே தாளுக்கு முன்னால் நின்றுவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், திரும்பவும் துடைத்துக்கொண்டார். "எழுத்து கோணலா இருக்குது" என்றார். அழித்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று என் தலையில் கை வைத்தார்.

நாற்பது நாளும் வண்டி ஓடியது, நைனா போட்ட நேரத்துக்கு அல்ல. சித்தி சித்தப்பாவின் சைக்கிளில் வந்து இறங்கும்போது ஆறரை ஆகிவிடும். "மணி ஆறு நாப்பது, தண்ணி ஊத்தியாச்சா?" என்று நைனா வெளியிலிருந்து கேட்பார். "தழ கொதிக்க வேணாமா மாமா? உங்க வாட்ச்சப் பாத்துட்டா கொதிக்கும்?" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நேரத்துக்கு வந்தவர் ஒரே ஆள். ஒரு நாள் ஐந்து மணிக்கு நான் விழித்துக்கொண்டபோது, பாயம்மா பின்வாசல் வழியாக எங்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். அம்மாவைக் கேட்டேன். "தண்ணி எடுத்துக்கினு போறாங்க, நீ தூங்கு" என்றாள்.

அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்ட வேலை என்ன என்று எனக்குத் தெரிய இன்னும் பதினாறு வருஷம் ஆனது. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து, நாலாம் நாள் அம்மா என் துணிகளை அள்ளிக்கொண்டபோது, "வையும்மா, நானே அலசிக்கறேன்" என்று நான் எழுந்தேன். அம்மா என்னைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டு, அப்போதுதான் சொன்னாள். பிள்ளை பெற்றவளின் ரத்தத் துணி. சொந்த ஊராக இருந்தால் அதை எடுத்துப் போக ஒருத்தியை ஏவியிருப்பார்கள், அவளுக்கு அது பிடிக்குமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாடகை வீட்டில் யாரைக் கேட்பது? கூடப் பிறந்த தங்கச்சியிடமே கொடுக்க அம்மாவுக்குக் கூச்சம். நைனா துவைக்கிறேன் என்றாராம், அம்மா விடவில்லை. போன தடவை அவள் கிணற்றடியில் விழுந்தது அந்தப் பக்கெட்டோடுதான். இந்த முறையும் அதற்காக எழுந்திருப்பாள் என்று நைனாவுக்குத் தெரியும். அதை எப்படி எழுதுவது, யார் பெயரைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

முதல் நாள் விடியற்காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "வேணாம் பாயம்மா, வச்சிடுங்க" என்று அழுதாளாம். "எனக்கும் அஞ்சு புள்ளைங்க. என்து எல்லாம் தானா வெளுத்துக்கிச்சா? படு நீ" என்று சொல்லிவிட்டு, எங்கள் துணியைத் தன் வீட்டுக் கிணற்றுக்கு எடுத்துக்கொண்டு போனாராம். தன் கிணற்றுக்கு. என் அம்மா இன்றைக்கும் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள்.

ஆனால் நாற்பதாம் நாளன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அன்று அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, தானே ஒரு குடம் தண்ணீர் சேந்தி இடுப்பில் வைத்து நடந்து வந்தாள். நைனா வாசலில் நின்று அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைவீதியில் வாங்கி வந்த மூன்று புடவைகளைத் தட்டில் வைத்தார்கள். சித்திக்கு ஒன்று, எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. இருந்ததிலேயே நல்லதாக ஒரு நீலப் புடவை. அதை அம்மா இரண்டு கையாலும் எடுத்துப் பாயம்மாவிடம் நீட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலரை மணி டூட்டியை ஒரு நாள் விடாமல் பார்த்த எனக்கு ஒரு ரிப்பன்கூட இல்லை.

"பாயம்மாவுக்கு எதுக்கும்மா? அவங்க கட்டத்துல வேலையே இல்லியே. தெனம் நம்ம வூட்லேர்ந்துதான் பக்கெட்ல தண்ணி எடுத்துக்கினு போனாங்க. நீதான சொன்ன!"

சித்தி என் முதுகில் ஒன்று வைத்தாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் ஏனோ முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். நைனா அவசரமாக வாட்ச்சைப் பார்த்தார். பாயம்மா மட்டும் என் கன்னத்தைப் பிடித்து, "கரெக்டு பாப்பா. நா ஒண்ணும் செய்யல" என்றார்.

தப்பை அவரே ஒத்துக்கொண்டார். அப்புறமும் அந்த நீலப் புடவையைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.