குட்டையாகிக்கொண்டே போன மரம்

எங்கள் மின்சார அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு 'ஏன்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள். மாதாமாதம் ட்ரோன் எடுத்துவரும் படங்களில், மின்கம்பியை நெருங்கும் மரங்களைக் கணினி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டும். சிவப்புக்கு ஆள் அனுப்புவது அவள் வேலை. பச்சையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் பார்த்தாள்.

"இங்க பாருக்கா, எங்க சித்தி வீட்டு மரம். போன மாசத்தைவிடக் குட்டையா இருக்கு. நம்ம ஆளுங்க வெட்டவே இல்ல. மரம் கீழ்நோக்கியா வளரும்?"

"பச்சையா இருந்தா சந்தோஷப்படு. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத."

கேட்டால்தானே! நடுவில் சித்தியிடமிருந்து போன் வேறு. "நல்லா இருக்கியா கண்ணு? இந்த மாசம் ட்ரோன் எப்ப வருது?" மாதம் தவறாமல் இதே கேள்வி. 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டு இவள் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மொட்டை மாடியில் சித்தி. கையில் நீளமான இரும்புக் குழாய், நுனியில் கட்டிய அரிவாள். அரிவாளுக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

இவள் கத்தவில்லை. கத்தினால் குழாய் ஆடிவிடும்.

"சித்தி, அப்படியே மெதுவா கீழ இறக்கு."

குழாய் தரையைத் தொட்ட பிறகுதான் இவள் ஓவென்று அழுதாள்.

"எதுக்குடி அழற? படுத்த படுக்கையா கிடக்கிற உங்க சித்தப்பாவுக்கு இந்த நிழல் ஒண்ணுதான் ஆறுதல். உங்க ஆளுங்க வந்தா அடியோட வெட்டிருவாங்க."

"யாரு சொன்னா? கம்பிப் பக்கத்துக் கிளையை மட்டும்தான் கழிப்பாங்க."

"நீதான் சொன்ன! 'சிவப்பு விழுந்தா மரம் காலி'ன்னு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எவ்வளவு பெருமையா சொன்ன!"

ஊரையே கேள்வி கேட்பவள் குனிந்து, குழாயிலிருந்து அரிவாளை அவிழ்க்க ஆரம்பித்தாள். பாவமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

மறுநாள் அந்தப் பச்சை மரத்தைத் தன் கையாலேயே சிவப்பாக்கினாள். மேலதிகாரி "ஏன்?" என்று கேட்டதற்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் கிளை கழித்து முடிக்கும்வரை, சித்தப்பாவின் ஜன்னலோரம் நின்று நிழல் கட்டிலில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தது.

சித்தி இப்போதும் மாதம் தவறாமல் போன் செய்கிறாள். ட்ரோனைப் பற்றிக் கேட்பதில்லை. "உங்க ஆளுங்க எப்ப வருவாங்க கண்ணு?" என்றுதான் கேட்கிறாள்.