நான் எழுதிய நாடுகடத்தல் மனு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரைக் காலவரையின்றி உள்ளே வைத்திருக்கத் தேவையான அருமையான ஆவணத்தை, சுத்தமான ஆங்கிலத்தில், இலவசமாக எழுதிக் கொடுத்தவன் நான்.

இருபத்தைந்து வருட ஆபீஸ் உத்தியோகம். போதாததற்கு ஒரு தமிழ்ப் பேப்பரில் வாராவாரம் பத்தி வேறு எழுதுகிறேன். மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். (தண்ணீர் வந்ததில்லை... அது வேறு விஷயம்.)

என் மனைவிக்கு பிளவுஸ் தைக்கும் தாராவி செல்வியும் அப்படித்தான் வந்தார். கணவர் யோகன் இலங்கைக்காரர். இளவயதில் படகில் வந்தவர். விசா இல்லை என்று பிடித்தார்கள். மூன்று மாதத் தண்டனை முடிந்தும் விடவில்லை — நாடுகடத்தும் வரை தடுப்பு மையமாம். ஆனால் அவருடைய பிறப்புப் பதிவேடு போரில் எரிந்துவிட்டது. 'எங்கள் ஆள்தான்' என்று சொல்ல அங்கே காகிதம் இல்லை. அனுப்பவும் முடியாது, விடவும் மாட்டார்கள். இப்படியே இரண்டு வருடம்.

"அவியள வெளிய விடச் சொல்லி ஒரு லெட்டர் எழுதித் தாங்க அண்ணாச்சி."

விடு என்றால் சர்க்கார் விடுமா? அது செய்ய ஆசைப்படுவதையே கேட்பதுதானே சாமர்த்தியம்? 'என் கணவரை உடனே நாடுகடத்துமாறு பணிவுடன்' என்று எழுதினேன். 'விரைவில் சாத்தியம் என்று அறிகிறேன்' என்பதையும் ஒரு அழகுக்குச் சேர்த்தேன். செல்விக்கு ஆங்கிலம் தெரியாது. நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் யோகனுக்காக வாதாடும் செம்பூர் வக்கீலம்மா போன் செய்தார்.

"மாமா, அந்த லெட்டர் நீங்க டிராஃப்ட் பண்ணினதா?"

"ஆமா. நன்னா இருக்கா?"

"பிரமாதம். சர்க்கார் வக்கீல் அதைத்தான் கோர்ட்ல ஆட்டிண்டிருக்கார். அனுப்பறதுக்குன்னுதானே பிடிச்சு வெச்சேள், அனுப்ப இடமே இல்லேன்னா எதுக்கு வெச்சிருக்கேள்னு நான் கேக்கறேன். பெண்டாட்டியே சீக்கிரம் அனுப்பலாம்னு எழுதியிருக்காளேங்கறார்."

தாராவிக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் செல்வி தையல் மெஷினை நிறுத்தினார்.

"அப்பம் என் கையெழுத்தாலயா அவிய உள்ள இருக்காவ?"

அங்கிருந்து நேரே வக்கீலம்மாவிடம் போனேன்.

கொலை செய்தவனுக்குக்கூட ஒரு தேதி உண்டு. நாள்களைக் கழித்துக்கொண்டே வரலாம். யோகன் எதிலிருந்து கழிப்பார்? எங்கள் கட்டட ரீடெவலப்மென்ட்கூட இப்படித்தான் தேதியில்லாமல் நிற்கிறது. ஆனால் எங்களை யாரும் உள்ளே வைத்துப் பூட்டவில்லை.

'அந்த வாக்கியங்கள் அவருடையவை அல்ல, என் மேதாவித்தனம்' என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். நான் எழுதியதில் எல்லாரும் மறுபேச்சில்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

நீதிபதி கேட்டார்: எப்போது அனுப்புவீர்கள்?

இலங்கையிலிருந்து பதில் வந்ததும் என்றார் சர்க்கார் வக்கீல்.

பதில் எப்போது வரும்?

நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்...

யோகனை விடச் சொல்லி உத்தரவு வந்தது. வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியோடு என் வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்கு ஒரே ஒரு தமிழ்ப் பேப்பர்தான் வாறது அண்ணை. உங்கட பத்தியை ஒண்டும் விடாமல் வாசிச்சனான்."

மனைவிக்குக் கேட்கட்டும் என்று, "அப்படியா?" என்றேன் சற்று உரக்க.

"ஓம். அவ்வளவு நேரம் கிடந்தது."