முழங்காலுக்கு ஒரு நேர்த்திக்கடன்

நாகஜோதிக்கு வலது முழங்கால் வீங்கியதும் அவள் மாமியார் ஒச்சம்மாள் டாக்டரைத் தேடவில்லை, பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகா, எம்மருமகளுக்குக் கால் சரியாகட்டும். தைப்பூசத்துக்கு உன் மலைக்கு நடந்தே வருவா." வேண்டிக்கொண்டது ஒருத்தி, நடக்க வேண்டியது இன்னொருத்தி! இது என்ன நியாயமோ.

வீக்கமும் வடிந்து தொலைத்தது. அந்தப் பாழாய்ப்போன நோயின் குணமே அதுதான். வரும், வடியும், மறுபடி வரும். சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? முருகன் கண் திறந்துவிட்டான் என்றே பேச்சு. நாகஜோதி மாலை போட்டு, பச்சைச் சேலை கட்டி, பழனிக்கு நடந்தாள். திரும்பி வந்த வாரமே முழங்கால் பூசணிக்காயாய் நின்றது.

"விரதத்துல எங்கயோ குத்தம் நடந்துபோச்சு" என்றாள் ஒச்சம்மாள். குத்தம் செய்தது யாராம்? மருமகள்தான், வேறு யார்! மறுபடி வேண்டுதல், மறுபடி நடை, மறுபடி வீக்கம். வருசாவருசம் இதே கூத்து. நடுவில் டவுன் டாக்டர் ஒருவர் நீர் கோத்திருக்கிறது என்று ஊசியால் உறிஞ்சி எடுப்பார். அந்தப் புண்ணியமும் முருகன் பேரில்தான் போய்ச் சேரும்.

தோட்டத்தில் பூப் பறிக்க மல்லிகைச் செடியருகே குத்தவைக்க முடியவில்லை. பஸ் படி ஏற முடியவில்லை. நடக்க மாட்டேன் என்றால் சாமி குத்தம், நடந்தால் கால் போச்சு. புருசன் பழனிக்குமார் வேண்டுதலில் பிறந்து பெயர் வாங்கியவன். "அம்மா சொல்றதக் கேளேன்" என்பதற்குமேல் அவனுக்குப் பேச்சு வராது. அழுதால் அதற்கும் ஒரு விரதம் சொல்லிவிடுவார்களோ என்று நாகஜோதிக்கு அழவும் பயம்.

ஒரு மார்கழியில் கால் மடங்கவே இல்லை. மாலை போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல், பூ ஏற்றிப்போன வேனிலேயே திண்டுக்கல்லுக்குப் போய் டாக்டர் இஃப்பத்திடம் காலை நீட்டினாள். ஊசியில் வந்தது துரு கலந்த தண்ணீர் போல இருந்தது. அதைப் பார்த்ததுமே டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"மூட்டுக்கு உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கும்மா. அது உங்களுக்குத் தடிச்சு வளந்து, ரத்தம் கசியுது. ரொம்ப அபூர்வமா வர்றது. புத்துநோய் மாதிரி தெரியல. எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். விட்டா எலும்பை அரிச்சிரும்."

"நான் செஞ்ச குத்தமா டாக்டர்?"

"குத்தமா? உங்க முட்டிமேல சாமிக்கு என்னம்மா கோவம்?"

நாகஜோதி அங்கேயே ஓவென்று அழுதாள். இத்தனை வருசத்தில் அவள்மேல் தப்பில்லை என்று சொன்ன முதல் ஆள் அந்த டாக்டர்தான்.

வீட்டுக்குச் சேதி போய், ஆபரேசன் நடந்தது. புற்றுநோய் இல்லை என்று டெஸ்டும் சொல்லிவிட்டது. நோய் திரும்ப வரலாம், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவளுக்கு ஒச்சம்மாள் விபூதி பூச வந்தாள்.

"அம்புட்டு பயந்துட்டேன் தாயி. நீ பொழச்சு எந்திரிச்சா உன்னை நடந்தே அனுப்புறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

இத்தனை வருசமாக வாய்க்குள்ளேயே கிடந்தது அன்று வெளியே வந்துவிட்டது. "நீங்கதான வேண்டுனீங்க அத்தை? இந்தத் தடவ நீங்க நடங்க."

"நானா? அம்புட்டுத் தூரம் என்னால எப்படித்தா ஏலும்? முட்டி வலிக்குமே!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் ஒச்சம்மாள் காதிலேயே விழுந்தது. விபூதி எடுத்த கை அப்படியே நின்றது.

அந்தக் கையாலேயே ஒச்சம்மாள் மருமகளின் கட்டுப்போட்ட காலைத் தடவினாள்.

"பஸ்லயே போவோம்த்தா. முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."