மூன்றடித் தொட்டி

என் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நம்பினேன் என்று சொன்னால் பொய். நம்ப ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. ஹாலில் நீளமான சுவர் என்னுடையது. தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, முடிந்த பிளவுஸ்களைத் தொங்கவிடும் கம்பி எல்லாம் அந்தச் சுவரோரம்தான். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் லீவுக்கு வந்து போகிற மனிதர். ஆக, வீட்டுக்குள் நானும் மெஷினும் என்றுதான் எனக்குப் பழக்கம்.

அந்த வீட்டுக்குள் இப்போது ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தார். ஃப்ரிட்ஜைத் திறப்பார், மூடுவார். கேட் வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். டீக்கடைக்குப் போன மனிதர் டீ ஆறுவதற்குள் திரும்பி வந்து நிற்பார். உட்காருங்களேன் என்றால் உட்கார்ந்துதான இருக்கேன் என்பார், நின்றுகொண்டே. போன் அடித்தால் வாசலுக்குப் போய்ப் பேசுவார். அவர் வாசலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் பெடலில் என் கால் தானாக நின்றுவிடும். கூட வேலை பார்த்தவர்கள் கூப்பிடுகிறார்களா, ஏஜென்ட் கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். மறுபடியும் போய்விடுவார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பயத்தோடு தைத்த பிளவுஸ் கைகளெல்லாம் அந்த மாதம் கோணலாகத்தான் வந்தன. வாடிக்கைக்காரர்கள் பெரிய மனது பண்ணிப் பேசாமல் இருந்தார்கள்.

ஒருநாள் திருச்சிக்குப் போனவர் லோடு ஆட்டோவில் மீன் தொட்டியோடு வந்து இறங்கினார். மூன்றடி நீளம். மடியில் மூன்று பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், ஒரு மீன். கீரனூர் தாண்டியதிலிருந்து பொத்திப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். கலர் மீன் என்றால் நான் தங்க நிறத்தில் வாலை ஆட்டிக்கொண்டு போகிறதைத்தான் நினைத்திருந்தேன். இவை வேறு ஜாதி. நீளமாக வெள்ளிச் செதிலோடு இருந்தது அரோவானா. கறுப்பில் ஆரஞ்சுத் திட்டோடு இருந்தது ஆஸ்கர். நெற்றி புடைக்கப் போகிறது, இப்போதைக்குத் தெரியாது என்று அவர் காட்டிய மூன்றாவது ஃப்ளவர்ஹார்ன். மூன்றுமே பெரிதாக வளர்கிற, கடிக்கிற மீன்கள். வாங்கும்போது மூன்றும் விரல் நீளம்தான்.

கடைக்காரர் நியாயமான ஆள்போலிருக்கிறது. ஃப்ளவர்ஹார்னைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், ஆஸ்கருக்கு மட்டுமே இந்த மூன்றடி சரியாக இருக்கும், அரோவானா வளர்ந்தால் ஆறடிக்குக் குறைந்தால் பத்தாது என்று எல்லாம் சொல்லித்தான் கொடுத்தாராம். இதை என்னிடம் சொன்னதே இவர்தான், சிரித்துக்கொண்டே. அவர் கணக்கு வேறு.

"நாங்க எட்டுப் பேரு ஒரு ரூம்ல கெடந்தோம். மேக்கட்டில், கீழ்க்கட்டில். இதுவும் அப்புடித்தான். வெள்ளி மீனு மேலயே திரியும், ஆஸ்கரு நடுவுல, இவன் கீழ கல்லை நோண்டிக்கிட்டு இருப்பான். யாரு யாரை இடிக்கப் போறா?"

நான் தையல்காரி. வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைக்க வந்தால் இன்றைய அளவுக்கு யாரும் வெட்ட மாட்டோம். கீழே மடிப்பு விட்டு, இடுப்பில் துணி விட்டு, இரண்டு வருஷத்துக்கு யோசித்துத்தான் வெட்டுவோம். கண்ணாடித் தொட்டியில் மடிப்பு ஏது, பிரித்துவிட? அதைச் சொன்னேன். தொட்டி பத்தாவிட்டால் அனுசரித்துக்கொள்ளும் என்றார். அனுசரிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அந்த வருஷம் கேட்ட அளவுக்கு என் ஆயுசில் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். தொட்டி வந்தபின் மனிதருக்குக் கைக்கு வேலை கிடைத்தது. குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து மருந்து வாடை போக ஒருநாள் வைப்பார். பழைய தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து முருங்கைக்கு ஊற்றுவார். இறாலை வாங்கி வந்து என் காய்கறிக் கத்தியாலேயே நறுக்குவார். கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடுமே என்று எங்கிருந்தாலும் ஓடி வருவார். போன் அடித்தால் அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுவார். அதற்காகவே அந்த மீன்களை நான் பொறுத்துக்கொண்டேன். அவற்றுக்கு இறால் போட்டது அவர்; அவை பிழைத்துக் கிடக்க வேண்டுமென்று சாமிக்கு நேர்ந்துகொண்டது நான்.

மீன்கள் வளர்ந்தன. வளர வளர அடிபிடி. ஃப்ளவர்ஹார்ன் நெற்றி புடைத்துப் பாதித் தொட்டியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது. ஆஸ்கர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் துடுப்பைக் கடித்துத் துரத்தும். ஆஸ்கர் ஒரு மூலையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கோபித்துக்கொள்ளும். கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தால் எது தன் இடம் என்று குழம்பிச் சண்டை குறையும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். மாற்றினார். கொஞ்ச நாள் அமைதி, மறுபடியும் கடி. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தார். இருந்த இடமும் பாதியானதுதான் மிச்சம். துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தண்ணீர் பளீரென்று அடிக்கும், எனக்குக் கத்தரி தடுமாறும். நிம்மதியாக ஒரு கழுத்து வெட்ட முடியவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நீங்கள்லாம் என்னைக்காச்சும் ஊருக்குப் போவோம்னுதான் அங்க அடங்கிக் கெடந்தீங்க. இதுக எங்கங்க போகும்?"

அவர் எழுந்து கேட் பக்கம் போனார்.

வருஷம் திரும்புவதற்குள் அரோவானா கை நீளத்துக்கு வந்துவிட்டது. மேலேயே நீந்தும், கண்ணாடி வந்ததும் உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்பும். ஒரு மத்தியானம் அவர் வெளியே போயிருந்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்துவிட்டது. தரையில் அது அடித்த அடி இருக்கிறதே, நான் அலறியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கைக்குக் கிடைத்தது யாருடைய லைனிங் துணியோ. அதை நனைத்துச் சுருட்டிப் பிடித்து மீனைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டேன். செதில் இரண்டு உதிர்ந்திருந்தது, பிழைத்துக்கொண்டது. துணி பிழைக்கவில்லை, வாடை போகாமல் புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

அவர் வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். மனிதர் போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அத்தனை நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அது ஓடிப்போகப் பாக்கல. திரும்ப எடமில்லாமக் குதிச்சிருக்கு" என்றார்.

அந்த வாரமே என் சுவரைக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே மெஷினையும் மேசையையும் இழுத்து அறைக்குள் போட்டேன். அங்கே வெளிச்சம் போதாது, ஊசியில் நூல் கோக்க ஜன்னலுக்குப் போக வேண்டும். பரவாயில்லை. அரோவானாவுக்கு அந்தச் சுவரில் ஆறடித் தொட்டி, ஆஸ்கருக்கு இருக்கிற தொட்டி, ஃப்ளவர்ஹார்னுக்கு அடுப்படிப் பக்கம் தனியாக ஒன்று என்று நானே சொன்னேன். அவர் என் இஞ்ச் டேப்பை வாங்கிச் சுவரை அளந்தார். அத்தனை தண்ணீரை இரும்பு ஸ்டாண்டு தாங்காது, செங்கல் வைத்துக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். வாசலில் செங்கல் வந்து இறங்கியது. நான் மனசுக்குள் துள்ளினேன். ஓடிப்போகிற மனிதர் வீட்டுக்குள் செங்கல் வைத்துக் கட்டுவாரா என்ன?

கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொத்தனார்கள் அப்படித்தான். கொஞ்ச நாளில் இவர் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். போன் அடித்தால் மறுபடியும் வாசலுக்குப் போக ஆரம்பித்தார். செங்கல்மேல் நின்றுகொண்டு பேசுவார்.

அப்புறம் ஒரு காலையில் மூடி போட்ட இரண்டு பெரிய வாளியோடு ஆட்டோ பிடித்துக் கிளம்பினார். சாயங்காலம் வெறும் வாளியோடு வந்தார். அரோவானாவையும் ஃப்ளவர்ஹார்னையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டாராம், பெரிய தொட்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். ஒத்தை ஆஸ்கரை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்ள முடியும், மூன்றையும் முடியாது என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. விசா வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது.

சண்டை போட்டேன், அழுதேன், சோறு ஆக்காமல் படுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "எனக்கு வீட்ல இருக்கத் தெரியல. நானும் பாத்தேன், வரல." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது.

போய்விட்டார். மெஷினை நான் ஹாலுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. செங்கல் வாசலில் கிடக்கிறது, மழை பெய்து பாசி பிடித்துவிட்டது. இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுவது நான். கேட் வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவதும் நான்தான். ஆஸ்கர் துடுப்பு ஆறிக் கொழுத்துவிட்டது. ஒருக்களித்துப் படுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் வருவார். நான் எப்படியிருக்கிறேன் என்பதற்கு முன்னால் மீனைக் காட்டச் சொல்வார். போன வாரமும் தொட்டியைக் காட்டினேன்.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கான். இவனுகளுக்குத் தனியா இருக்கிறதுதான் நல்லது" என்றார்.

"எனக்கு நல்லதில்லைங்க. வந்துருங்க" என்றேன்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. போகிறேன் என்றால் சண்டை போட்டிருக்கிறேன். வந்துவிடுங்கள் என்று கேட்டதேயில்லை. போன் இன்னும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மீனு போதும். போனை ஒம் பக்கம் திருப்பு" என்றார்.

திருப்பினேன்.