கடைசிக் கதவும் இஸ்திரிப் பெட்டியும்

என் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பொய்ப்பல் செய்வது தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகை உருக்கி, அடுத்தவர் வாய்க்கெல்லாம் பல் வரிசை கட்டிக் கொடுப்பாள். முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. மெழுகு அடுப்பு சுட்டது என்பாள். ஊரார் வாயைச் சரிசெய்கிற இவளுடைய வாய் மட்டும் பாதி நாள் திறந்தே கிடக்கும். காரணம், வீடியோ கேம்.

ஜெயிப்பதற்காக ஆடுகிற ரகம் இல்லை அவள். வாயைப் பிளப்பதற்காகவே ஆடுவாள். சின்ன வயதில் ஒரு கடையில் குமிழைத் திருப்பினால் திரையில் வெள்ளைக் கோடு நகர்வதைப் பார்த்துவிட்டு, "நான் இங்க திருப்பறேன், அது அங்க நகருதுடீ!" என்று என் கையைக் கிள்ளியே சிவக்க வைத்தாள். பிறகு ஒரு விளையாட்டில் கடல் வந்தது. எதிரி கத்தியோடு பின்னால் வருகிறான், இவள் கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குத்துப்பட்டுச் செத்தாள். மறுபடி போய் அதே இடத்தில் நின்றாள், மறுபடி செத்தாள். இன்னொன்றில் மலை உச்சிவரை ஏறித் திரும்பிப் பார்த்தால், கிளம்பிய ஊர் தீப்பெட்டி அளவுக்குக் கீழே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாருடீ இதையெல்லாம் உக்காந்து செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டாள். அந்த நேரம் சமையலறையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்தவள் நான். எனக்கு யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

புதிதாக எந்த விளையாட்டு வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல தொறக்காத கதவு ஏதாவது இருக்கா?" அதைக் கேட்டாலே நான் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளுக்கு அப்போது இருபது வயது, ஒரு கேம் மெஷின் வாங்கி வந்தாள். அதில் நாலு புள்ளி சேர்ந்தால் ஒரு மனிதன். அவன் நாற்பது அறைகளைத் தாண்டிப் போய்க் கடைசிக் கதவைத் திறக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடருகிற வசதியெல்லாம் கிடையாது. அணைத்தால் போச்சு, திரும்பவும் முதல் அறை. அதனால் மூன்று நாள் மெஷினை அணைக்கவே இல்லை. 'தொட்டால் கொலை விழும்' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். மூன்றாம் நாள் காலை, அந்தப் புள்ளி மனிதனைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "தலைக்குக் குளிச்சிட்டு வந்து தொறக்கறேன்" என்று போனாள்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. கையில் கசங்கிய துணி. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பிடுங்கினேன். இஸ்திரி போட்டேன். மெஷினைத் திரும்பச் சொருகிவிட்டு, தலையில் துண்டோடு வந்தவளிடம், "அரை மணி நேரமா கரண்ட் இல்லக்கா, இப்பத்தான் வந்துச்சு" என்றேன். தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை.

மெஷின் அந்த மாதமே கெட்டுப்போனது. கடைகளில் அந்த மாடலே வருவது நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் பழைய சாமான் கடையில் அதே மெஷினைக் கண்டுபிடித்து, நாலு மாதம் ஈயம் பற்றவைத்து உயிர் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "கிளம்பி வாம்மா, உங்க அக்கா கதவைத் தொறக்கப் போறா."

இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். போனதும் பிளக் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். மேஜையில் பல் செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. கதவு திறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

"இந்தத் தடவை குளிச்சிட்டுத்தான் உக்காந்தேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பட்டனை அழுத்தினாள்.

கதவு திறந்தது. திரை இருண்டது. கீச்சென்று ஒரு சத்தம். புள்ளி மனிதன் முதல் அறையில் நின்றான்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லங்க. விளையாட்டே அவ்வளவுதான்."

அவள் முதுகைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்குப் பிளக்கைப் புடுங்குனது நான்தான்."

"தெரியும்டீ."

"எப்படி?"

முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். "அரை மணி நேரமா கரண்ட் இல்லைன்னே. அழுதுகிட்டே மேஜையில சாஞ்சேன். உன் இஸ்திரிப் பெட்டி பொசுக்கிடுச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"வேலை கிடைக்காம மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்து நின்னே. அதுக்கு மேல நான் வேற என்னத்தக் கேக்கறது?" திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "அன்னைக்கே தொறந்திருந்தா, 'ச்சீ, இவ்வளவுதானா'ன்னு கேம் ஆடறதையே விட்டுருப்பேன். கடலெல்லாம் எங்கடீ பாத்திருப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா விளையாட்டுப் பிடியை என் கையில் திணித்தாள்.

"அழுதது போதும். மொதல் ரூம்ல இருந்து நீ ஆடு. நாப்பதாவது கதவுகிட்ட போனதும் கூப்பிடு."

"எதுக்குக்கா?"

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். "இஸ்திரி போட வேண்டிய துணி நெறைய இருக்கு."